புதுச் சில்லு வாங்குமுன் அளவுகோலை எடுங்கள்

மோட்டார்க் காரில் ஆசை வைத்த இளைஞன் ஒருவனைப் பார்த்து, கையிலே கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் எதனை மாற்றப் போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சினை என்று சொல்வோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் சில்லுகளையே சொல்வர். அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. எஞ்சின் மூடியின் கீழே மறைந்து கிடப்பது. அதனை அயல்வீட்டார் காண்பதில்லை. சில்லோ தெருவிற் போகிற எவர் கண்ணிலும் படுவது. நல்ல உடையுடுத்தவன் நல்ல பாதரட்சையையும் தேடுவது போல, அழகிய கார் வைத்திருப்பவன் அழகிய சில்லைத் தேடுகிறான். பாதரட்சை கடித்தால் அணிந்தவனுக்கு மாத்திரமே நோகும். சில்லு கடித்தால் காரில் இருப்பவர் அனைவருக்கும் ஆபத்து.

எமது தங்கையின் மகன் அத்தகைய இளைஞருள் ஒருவன். பல ஆண்டுகள் சிக்கனமாயிருந்து, மாஸ்டா கம்பனியாரின் எம்.எக்ஸ்.5 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினான். 1990ஆம் ஆண்டுக் கார், இரண்டே ஆசனங்கள், மடித்து வைக்கக்கூடிய துணிக் கூரை. வாங்கிய மூன்றாம் மாதமே அதன் 14 அங்குலச் சில்லுகளைக் கழற்றிவிட்டு, 17 அங்குலச் சில்லுகள் நான்கைப் பூட்டிக்கொண்டு எமது வாசலில் வந்து நின்றான். பார்வைக்கு என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. அன்று மாலை தாயை அருகில் இருத்திக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டான். முதல் வளைவிலேயே பின்புறத்திலிருந்து உரசும் ஓசையொன்று எழுந்ததாம்.

"தம்பி, என்னடா அது சத்தம்?"

"ஒன்றுமில்லையம்மா. புது டயர்தானே, பழகிவிடும்."

இரவில் அவர்கள் திரும்பியதும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். பின் டயரின் வெளியோரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இறப்பர் சீவப்பட்டு, உள்ளிருக்கும் நூலிழை வெளியே தெரிந்தது. மட்காட்டின் உட்புற மடிப்பு கத்திபோல் நின்று, கார் வளைவிலே சாயுந்தோறும் டயரை அறுத்திருக்கிறது. இன்னும் எத்தனை மைல் தாங்கியிருக்குமோ! விற்றவரிடம் பொருத்தத்தைப் பற்றிக் கேட்டாயா என்று வினவினோம். "நான்கு துவாரம், நான்கு ஆணி, ஏறும் என்று சொன்னார் மாமா" என்றான். ஏறத்தான் ஏறியது. ஏறுவது வேறு, பொருந்துவது வேறு என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுதத் துணிந்தோம். அவனுடைய காரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஏனைய கார்களுக்கு இலக்கங்கள் மாறுமேயன்றி முறை மாறாது.

எம்.எக்ஸ்.5, 1989ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகின் முன் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் இதனை மியாட்டா என்றழைத்தனர். ஆக்கியோர் ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா கம்பனியார். குதிரையும் குதிரைவீரனும் ஓருடலாக இயங்குவது போலக் காரும் ஓட்டுபவனும் இயங்க வேண்டும் என்ற யப்பானிய வாசகமொன்றை அவர்கள் தமது குறிக்கோளாக வைத்திருந்தனர். கார் ஏறக்குறைய 950 கிலோ எடையே கொண்டது. எஞ்சினின் வலு பெரிதன்று. அவ்வாறிருந்தும் 2016ஆம் ஆண்டில் இவ்வினக் கார்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது என்றால், அதற்கு இலேசான உடலும் சொன்னபடி கேட்கும் ஸ்டியரிங்குமே காரணம். அந்த இலேசை முதலிற் கெடுப்பது பொருந்தாத சில்லுதான்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

அக்காருடன் கொடுபட்ட டயரின் பக்கத்திலே 185/60 ஆர் 14, 82 எச் என்று பொறித்திருக்கும். மாணவ நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 60 என்பது டயரின் பக்கச் சுவர் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பதைக் காட்டும். 185இல் 60 சதவீதம் 111 மில்லிமீற்றர். ஆர் என்பது ரேடியல் என்னும் அமைப்பைக் குறிக்கும். 14 என்பது டயர் ஏறும் றிம்மின் விட்டம், இதுமட்டும் அங்குலத்தில். மில்லிமீற்றரையும் அங்குலத்தையும் ஒரே வரியிற் கலந்து எழுதிய புத்திசாலி யாரென்று தெரியாது. உலகம் முழுவதும் அதனைப் பின்பற்றுகிறது! 82 என்பது அந்த டயர் தாங்கும் பாரத்துக்கான குறியெண், 475 கிலோ. எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீற்றர் வரையிலான வேகத்துக்கு உரியது.

இனி, முழுச் சில்லின் உயரத்தைக் காண்போம். அங்குலம் ஒன்றுக்கு 25.4 மில்லிமீற்றர். 14 அங்குலம் 355.6 ஆகிறது. மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்கள், 222. கூட்டினால் 577.6 மில்லிமீற்றர். இந்த ஓர் எண்ணே எல்லாவற்றுக்கும் ஆதாரம். கியர்ப் பெட்டியின் விகிதம், வேகமானி, மட்காட்டின் வளைவு, தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி ஆகிய யாவும் இதனைக் கருத்திற்கொண்டே வகுக்கப்பட்டவை. றிம் எவ்வளவு பெரிதானாலும் டயரின் பக்கச் சுவரைக் குறைத்து, மொத்த உயரத்தை இதற்கு அண்மையிலேயே நிறுத்த வேண்டும்.

15 அங்குல றிம்முக்கு 195/50 அளவுள்ள டயரைப் போட்டுப் பாருங்கள். 381ஐயும் 195ஐயும் கூட்ட, 576. பழையதற்கும் இதற்கும் ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசந்தான். இதனாலேயே இக்கார் வைத்திருப்போர் நாடுகள்தோறும் இந்த அளவை நாடுகின்றனர். 205/50 ஆர் 15 என்றால் 586. நூற்றுக்கு ஒன்றரை வீதம் கூட. இதுவும் பாதகமில்லை. எமது மருமகன் போட்டு வந்ததோ 205/40 ஆர் 17. அதன் உயரம் 595.8. நூற்றுக்கு மூன்று வீதத்துக்குச் சற்றே அதிகம். வேகமானி 100 என்று காட்டும்போது கார் உண்மையில் 103 கிலோமீற்றர் வேகத்திற் போகும். அதனினும் முக்கியமானது பக்கச் சுவரின் உயரம்: முன்பு 111 மில்லிமீற்றர், இப்போது 82. தெருவிலுள்ள குழியின் அடியைத் தாங்குவது அந்தச் சுவரும் அதனுள் அடைபட்ட காற்றுமே. சுவர் குறுகக் குறுக, அடி நேரே றிம்முக்குப் போகிறது. அலுமினிய றிம் நெளியும். சில வேளை வெடிக்கும்.

மறைந்திருக்கும் இலக்கம்

ஆனால் டயரை அறுத்தது உயரம் மாத்திரமன்று. சில்லின் உட்புறத்தில், சேறு படியும் இடத்தில், யாரும் பார்க்காத ஓர் இலக்கம் பொறித்திருக்கும். ஈ.டி. என்ற இரண்டு எழுத்துக்களும் அவற்றை அடுத்து ஓர் எண்ணும். எழுத்துக்கள் ஜேர்மன் சொல்லொன்றின் சுருக்கம். கராச்காரர் இதனை ஒவ்செற் என்பர். சில்லு வாங்குவோர் பலரும் தவறவிடுவது இதனையே. ஆகையால் சற்றுப் பொறுமையாகக் கவனிக்க வேண்டுகிறோம்.

சில்லை ஒரு பாண் துண்டு போல நெடுக்காக வெட்டியதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். அதன் அகலத்தின் நட்டநடுவே ஒரு கோடு. காரின் அச்சுமுனைத் தட்டிலே சில்லு போய் ஒட்டும் முகம் இன்னொரு கோடு. இவ்விரண்டுக்கும் உள்ள தூரமே ஒவ்செற். ஒட்டும் முகம் நடுக்கோட்டிலிருந்து தெருப் பக்கமாகத் தள்ளியிருந்தால் எண் கூட்டல் எண். இக்காலக் கார்களில் பெரும்பாலும் அப்படியே. எண் பெரிதாக ஆகச் சில்லு காருக்குள்ளே போகும். சிறிதாக ஆக வெளியே வரும்.

மாஸ்டாவின் பழைய சில்லு ஐந்தரை அங்குல அகலமும் 45 மில்லிமீற்றர் ஒவ்செற்றும் உடையது. ஐந்தரை அங்குலம் 139.7 மில்லிமீற்றர், பாதி ஏறக்குறைய 70. அதனோடு 45ஐக் கூட்டினால் 115. ஒட்டும் முகத்திலிருந்து சில்லு உட்பக்கமாக நீளும் தூரம் இது. 70இலிருந்து 45ஐக் கழித்தால் 25. வெளிப்பக்கமாக நீளும் தூரம். மருமகன் வாங்கிய சில்லு ஏழரை அங்குல அகலம், ஒவ்செற் 20. பாதி அகலம் 95. உட்பக்கம் 115. வெளிப்பக்கம் 75. இப்பொழுது குட்டு வெளிப்பட்டதல்லவா? உட்பக்கம் பழையபடியே இருக்க, புதிதாகக் கூடிய இரண்டு அங்குல அகலமும் முழுவதாக வெளிப்பக்கத்தில் வந்து விழுந்துவிட்டது. மட்காட்டுக்கு அடியில் அவ்வளவு இடம் ஏது?

வெளியே தள்ளிய சில்லினால் வேறு கேடுகளும் உண்டு. ஸ்டியரிங் பழைய நிதானத்தை இழந்து, தெருவின் மேடு பள்ளந்தோறும் கையைப் பிடித்திழுக்கும். பெயாரிங்கின் மீது நெம்புகோல் போலப் பாரம் விழும். இதற்கு மாறாக, ஒவ்செற் மிகப் பெரிதான சில்லை மாட்டினால், அது உள்ளே போய் சொக் அப்சோபரையோ ஸ்பிறிங்கையோ தொடும். அதைச் சரிக்கட்டத் தட்டையான வளையங்களை இடையிலே வைத்து ஆணியை நீட்டும் வழக்கமொன்று இருக்கிறது. தரமான வளையமும் போதிய நீள ஆணியும் இருந்தாலன்றி அதனை நாம் விரும்புவதில்லை. முதலிலேயே சரியான சில்லை வாங்கியவனுக்கு வளையம் எதற்கு?

துவாரங்கள் நான்கு; ஆனால்...

விற்றவர் எண்ணிய நான்கு துவாரங்களுக்கு வருவோம். எண்ணிக்கை போதாது. அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் வேண்டும். இக்காருக்கு அது 100 மில்லிமீற்றர். எதிரெதிரான இரண்டு துவாரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் தெரிந்துவிடும். சில பியட் கார்களுக்கு 98. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பலவந்தமாக நட்டை இறுக்கினால் ஏறிவிடவும் கூடும். ஆனால் ஆணி வளைந்தபடியே நிற்கும். வளைந்து நிற்கும் ஆணி ஒருநாள் முறியும். ஒரே பெயரிலும் ஏமாற வேண்டாம். 2005இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறை எம்.எக்ஸ்.5 காருக்கு ஐந்து துவாரங்கள், வட்டம் 114.3. 2015இல் வெளிவந்த நான்காந் தலைமுறையில் மீண்டும் நான்கு துவாரமும் 100 மில்லிமீற்றரும். தந்தையின் சட்டை மகனுக்குப் பொருந்தாமல் பேரனுக்குப் பொருந்திய கதை இது.

நடுத் துவாரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சில்லின் நடுவே உள்ள பெரிய துவாரம் அச்சுமுனையிலுள்ள உதட்டின் மேல் இறுக்கமாய் உட்கார வேண்டும். மாஸ்டாவுக்கு 54.1 மில்லிமீற்றர். எமது தெருக்களில் மலிந்த சிறிய டொயோட்டாக்கள் பலவற்றுக்கும் அதே அளவு. நான்கு துவார ஹொண்டாவுக்கு 56.1. தனியே விற்கப்படும் சில்லுகளிலோ பலவகைக் கார்களுக்கும் ஏறட்டும் என்று 67 அல்லது 73 மில்லிமீற்றரில் துவாரம் போட்டிருப்பர். இடைவெளியை நிரப்ப ஒரு மெல்லிய வளையம் வேண்டும், விலை அற்பம். அது இல்லாமற் பூட்டினால் சில்லு ஒரு மயிரிழை விலகி உட்கார்ந்து, வேகம் கூடியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். காரணம் தெரியாமல் டயரை மாற்றி, பெயாரிங்கை மாற்றிப் பணத்தை இறைத்தவர்களை நாம் அறிவோம்.

நட்டின் வாயும் கவனிக்கத்தக்கது. கூம்பு வடிவான வாய், உருண்டை வாய், வளையத்துடன் கூடிய தட்டை வாய் என மூவகை உண்டு. மாஸ்டாவுக்குக் கூம்பு. ஹொண்டா கம்பனிச் சில்லுக்கு உருண்டை. ஒன்றின் நட்டை மற்றதன் சில்லுக்குப் போட்டால் உலோகம் உலோகத்தை முழுவதாகத் தொடாது. இறுகியது போலத் தோன்றி ஓடும்போது தளரும்.

தராசும் களிமண்ணும்

மருமகனுக்கு இவற்றையெல்லாம் தாளிலே எழுதிக் காட்டியபோதும் அவன் மனம் இசையவில்லை. 17 அங்குலத்தின் மயக்கம் அவ்வளவு எளிதில் தெளியாது. கடையிலிருந்த தராசுதான் அவனை இசைவித்தது. டயருடன் பழைய சில்லை வைத்தோம், 13 கிலோ. புதியதை வைத்தோம், 19 கிலோ. நான்குக்கும் 24 கிலோ. கார் முழுவதற்கும் இது சொற்பம் எனலாம். ஆனால் இது ஆசனத்தில் வைத்த மூட்டையன்று. ஸ்பிறிங்கின் கீழே தொங்கும் எடை, அதிலும் சுழலும் எடை. ஒவ்வொரு முறையும் எஞ்சின் அதனைச் சுழற்றியெடுக்க வேண்டும். பிறேக் அதனை அடக்க வேண்டும். ஸ்பிறிங் அதனைத் தெருவோடு ஒட்டிவைக்க வேண்டும். பெரிய சில்லு மாட்டியபின் கார் சோம்பிப் போய்விட்டது என்று அவனே முன்பு முறையிட்டிருந்தான். எஞ்சினைச் சந்தேகித்தானேயன்றிச் சில்லைச் சந்தேகிக்கவில்லை.

முடிவில் அந்த நான்கையும் நட்டத்துக்கு விற்றான். அறுந்த டயரை மாத்திரம் நாம் விற்கவிடவில்லை, வெட்டி எறிந்தோம். பின்பு 15 அங்குலம், 7 அங்குல அகலம், ஒவ்செற் 35 உள்ள சில்லுகளைத் தேடிப் பிடித்தோம். கணக்கைப் பாருங்கள்: பாதி அகலம் 89, உட்பக்கம் 124, வெளிப்பக்கம் 54. பழையதைவிட உள்ளே 9 மில்லிமீற்றரும் வெளியே 29 மில்லிமீற்றரும் கூட. மேலே சொன்ன 195/50 டயருக்கு ஐந்தரை அங்குலம் முதல் ஏழு அங்குலம் வரையிலான றிம் ஏற்றது என்று டயர்த் தராதரங்கள் வகுத்திருக்கின்றன. ஏழு அதன் எல்லை. அதற்கப்பாலும் அகன்ற றிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்துப் பூட்டும் நாகரிகமொன்று இப்போது பரவியிருக்கிறது. அது அழகென்று எமக்குத் தோன்றவில்லை. காற்றுக் குறைந்த வேளையில் வளைவொன்றிலே டயர் றிம்மைவிட்டுக் கழன்றுபோக இடமுண்டு.

வாங்குமுன் சில்லின் முதுகையும் பார்த்தோம். யப்பானியத் தராதரத்தின்படி அமைந்த அலுமினியச் சில்லில் ஜே.டபிள்யூ.எல். என்ற எழுத்துக்கள் இருக்கும். புகழ்பெற்ற சில்லுகளைப் பார்த்து வார்த்த போலிகள் மலிந்த காலமாகையால், மலிவைக் கண்டு மயங்காமல் வெடிப்பும் ஒட்டும் இருக்கிறதா என்று வெயிலிலே பிடித்துப் பார்ப்பது நன்று. டயருக்கு வயது பார்க்கவும் வழியுண்டு. பக்கத்தில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு சட்டத்துள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது. ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடுவது குறைவு, கராச்சில் நிற்பது அதிகம். ஆகையால் டயரின் பூ தேயுமுன்னரே இறப்பர் முதிர்ந்து இறுகிவிடும். பூ நிறைந்திருக்கிறதென்று பத்து வருடத்து டயரை நம்பலாகாது.

பூட்டியபின் உடனே தெருவுக்குப் போகவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முடியுமட்டும் திருப்பி, டயர் எதையேனும் தொடுகிறதா என்று பார்த்தோம். சில்லின் உட்புறம் பிறேக் கலிப்பரைத் தொடாமல் சுற்றுகிறதா என்று கையாற் சுற்றினோம். பின் மட்காட்டின் உள் மடிப்பிலே பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒரு பட்டையாக ஒட்டினோம். இருவரை ஏற்றி, மேடு பள்ளமான ஒழுங்கையிலே மெதுவாக ஒருமுறை ஓட்டிவரச் செய்தோம். களிமண்ணில் டயரின் சுவடு விழவில்லை. விழுந்திருந்தால் இடம் போதாதென்று பொருள். தாளிற் போட்ட கணக்கைவிட இந்தக் களிமண்ணை நாம் அதிகம் நம்புகிறோம். முப்பது வயதுக் காரில் ஸ்பிறிங் தாழ்ந்திருக்கும், மட்காட்டு ஒருமுறையாவது இடிபட்டுத் தட்டியெடுக்கப்பட்டிருக்கும்.

அயல் நாடுகளில் வாழும் எமது வாசகர்கள் அவ்வந் நாட்டுச் சட்டத்தையும் கேட்டறிதல் வேண்டும். யப்பானில் மட்காட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் சில்லுடன் வாகனப் பரிசோதனையிற் சித்தியடைவது நடவாத காரியம். ஜேர்மனியில் அளவு மாறிய சில்லுக்கு அங்கீகாரப் பத்திரம் கேட்பர். எங்கிருந்தாலும் காப்புறுதிக் கம்பனிக்கு முன்கூட்டியே எழுதி அறிவித்துவிடுவது புத்தி.

நட்டுக்களைக் காலால் மிதித்து இறுக்கும் பழக்கத்தையும் மருமகனிடமிருந்து பிடுங்கினோம். இக்காரின் கைநூலிற் சொன்னபடி ஏறக்குறைய 90 முதல் 118 நியூட்டன் மீற்றர் வரை, அளவு காட்டும் ஸ்பானரால், எதிரெதிராக இறுக்க வேண்டும். புதுச் சில்லு சிறிது அமர்ந்து கொடுக்குமாதலால் எண்பது, நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்குவது அவசியம். காற்று, பழைய டயருக்குக் கம்பனி சொன்ன 26 இறாத்தலிலிருந்தே தொடங்கினோம்.

மறுவாரம் கோயிலுக்குப் போனபோது தங்கை அதே வளைவிலே காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தாளாம். ஓசையொன்றும் இல்லை. பழைய 14 அங்குலச் சில்லுகள் நான்கும் எமது வீட்டுப் பின்தாழ்வாரத்தில் சாக்கிலே சுற்றியபடி இருக்கின்றன. அவற்றை விலைக்குக் கேட்டு இதுவரை இருவர் வந்து போய்விட்டனர். கொடுக்க வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.